விண்ணப்பத்துக்கு முன் வீட்டை ஒழுங்கு செய்க

ஏழாம் அத்தியாயம்: மொன்றியல் சங்கங்கள் சமூக அறநிதியத்திடம் மானியம் பெறும் முறை

சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகளை வாசித்துப் பழகியவர்களுக்கு, ஒரு நந்தாவிளக்கு அணையாமல் எரிவதற்காக 96 ஆடுகள் கொடையாக விடப்பட்ட செய்தி புதிதாக இராது. அந்த ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர், குட்டிகளால் மந்தை குறையாதபடி காத்து, நாள்தோறும் குறித்த அளவு நெய்யைக் கோயிலுக்கு அளந்து வந்தார். மந்தை முதலாக நின்றது, நெய் அதன் பயனாக வந்தது. முதல் என்றும் குறையாது என்னும் நம்பிக்கையினாலேயே ‘சாவா மூவாப் பேராடு’ என்று அவற்றுக்குப் பெயரிட்டார்கள். சமூக அறநிதியம் என்று இன்று நாம் அழைக்கும் ஸ்தாபனமும் இந்தத் தத்துவத்தின் மேல் நிற்பதே: ஊரார் பலர் பல காலங்களில் கொடுத்த பொருளை முதலாகச் சேர்த்து, அதை முதலீடு செய்து, வரும் வருமானத்தை அந்த ஊரின் நற்காரியங்களுக்கு ஆண்டுதோறும் பகிர்ந்தளிப்பது அதன் கடமை. 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் இந்த முறை தொடங்கிற்று. கனடாவில் 1921இல் வினிபெக் நகரம் இதை முதலில் கைக்கொண்டது. நமது நகரத்தில் 1999இல் ‘ஃபொந்தாசியோன் டு கிரான் மொன்றெயால்’, அதாவது பெருமொன்றியல் அறநிதியம், ஸ்தாபிக்கப்பட்டது.

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை அங்குள்ள மீனவர்கள் காப்பாற்றிய நாட்களில், இந்த நாட்டில் நமக்கென்று இருந்த சங்கங்கள் மிகச் சில. இன்று கோத்-தே-நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன், பியர்ஃபொன், லாவல் ஆகிய பகுதிகளில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும், முதியோர் ஒன்றுகூடலும், புதிதாய் வந்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் உதவியும் நம்மவர் முயற்சியால் நடைபெறுகின்றன. ஆயினும் இவற்றில் பெரும்பாலானவை உறுப்பினர் கைப்பணத்தாலும் கலைவிழா நுழைவுச்சீட்டாலுமே நடக்கின்றன. ஊர்ப்பொதுவான நிதியத்தின் வாசலை நம்மவர் அவ்வளவாகத் தட்டுவதில்லை. தட்டியவர்களிலும் பலர் வெறுங்கையோடு திரும்புவதற்குக் காரணம் தொண்டில் உள்ள குறை அன்று, காகிதத்தில் உள்ள குறை. ஆகவே இந்த அத்தியாயம் வற்புறுத்துவது ஒன்றே: விண்ணப்பம் எழுதுவது கடைசி வேலை, அதற்கு முந்திய ஆறு மாதங்களில் சங்கம் தன் வீட்டை ஒழுங்கு செய்து வைத்திருந்தால், அந்தக் கடைசி வேலை ஒரு வாரத்தில் முடியும்.

முதலில் அறிய வேண்டியது: உங்கள் சங்கம் எந்த வகை?

1. பதிவு பெற்ற அறநிறுவனம். கனடா வருமானவரித் துறையிடம் பதிவு பெற்று, ஒன்பது இலக்கமும், அதன்பின் ‘ஆர்ஆர்’ என்னும் எழுத்துகளும், நான்கு இலக்கமும் கொண்ட எண்ணை உடையது. ‘சாரிட்டி நம்பர்’ என்று நம்மவர் சொல்வது இதையே. வரிவிலக்கு ரசீது கொடுக்கும் உரிமை இவ்வகைக்கு உண்டு. சமூக அறநிதியங்களின் பெரும்பாலான மானியங்களும் இவ்வகையை நோக்கியே அறிவிக்கப்படுகின்றன.

2. இலாப நோக்கற்ற சங்கம். கியூபெக்கின் கம்பெனிகள் சட்டத்து மூன்றாம் பகுதியின் கீழ், குறைந்தது மூவர் சேர்ந்து விண்ணப்பித்து, ‘லெத்ர் பதாந்த்’ என்னும் பதிவுப் பத்திரம் பெற்றது. இதற்கு வணிகப் பதிவகம் கொடுத்த பத்து இலக்க ‘நெக்’ எண் இருக்கும். சாரிட்டி நம்பர் இராது. இத்தகைய சங்கத்துக்கு ஓர் அறநிதியம் நேரே மானியம் கொடுப்பது முன்பு மிகவும் கடினமாக இருந்தது. 2022 ஜூனில் வருமானவரிச் சட்டம் திருத்தப்பட்டபின், தகுந்த கணக்கும் மேற்பார்வையும் இருக்குமானால் கொடுக்கலாம் என்ற நிலை வந்திருக்கிறது. எனினும் கொடுப்பதா இல்லையா என்பதை ஒவ்வொரு நிதியமும், அதனுள் ஒவ்வொரு நிதியும், தானே தீர்மானிப்பதால், அறிவித்தலில் தகுதி பற்றிய பகுதியை முதலில் வாசியுங்கள்.

3. பதிவில்லாத குழு. நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து நற்காரியம் செய்வது புண்ணியமே. ஆனால் அவர்கள் பெயரில் மானியம் வராது. ஏற்கெனவே பதிவு பெற்ற ஓர் அறநிறுவனம் உங்கள் திட்டத்தைத் தன் திட்டமாக ஏற்று, பணத்தையும் பொறுப்பையும் தன் கையில் வைத்து நடத்த முன்வருமானால் அதன்மூலம் முயலலாம்.

எச்சரிக்கை: “எங்கள் சாரிட்டி நம்பரைப் போட்டுக்கொள்ளுங்கள், பணம் வந்ததும் அப்படியே தந்துவிடுகிறோம்” என்று நட்பின் பேரில் யாரேனும் சொன்னால் நன்றி கூறி மறுத்துவிடுங்கள். பதிவு எண்ணை இரவல் கொடுப்பது வருமானவரித் துறை அனுமதிக்காத செயல். அதனால் அந்த நிறுவனத்தின் பதிவுக்கே ஆபத்து நேரலாம்.

படி 1: ஆவணக் கோப்பைத் தயார் செய்தல்

ஒரே ஒரு கோப்பை வாங்கி, அதன் முதுகில் சங்கத்தின் பெயரை எழுதி, கீழ்க்கண்டவற்றை இதே வரிசையில் வையுங்கள். ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, இரண்டு நிர்வாகிகளாவது திறக்கக்கூடிய ஓரிடத்தில் சேமித்து வையுங்கள்.

1. பதிவுப் பத்திரமும் யாப்பு விதிகளும்.
2. வணிகப் பதிவகத்துக்கு ஆண்டுதோறும் அனுப்பவேண்டிய திருத்த அறிக்கையின் கடைசிப் பிரதி.
3. அறநிறுவனமானால், ‘டி-3010’ என்னும் ஆண்டு அறிக்கையின் கடைசிப் பிரதி. நிதியாண்டு முடிந்த ஆறு மாதங்களுக்குள் இது அனுப்பப்பட்டிருக்க வேண்டும். ஆண்டுதோறும் அனுப்பத் தவறினால் பதிவே ரத்தாகும்.
4. நிர்வாக சபை உறுப்பினர் பட்டியல்: பெயர், பதவி, எந்த ஆண்டு முதல்.
5. கடந்த இரண்டு ஆண்டுகளின் நிதிநிலை அறிக்கை. நடப்பாண்டின் வரவுசெலவுத் திட்டம்.
6. கடைசி ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு.
7. சங்கத்தின் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கின் சான்று. காசோலைக்கு இருவர் கையொப்பம் வேண்டும் என்னும் தீர்மானம்.
8. இந்த மானியத்துக்கு விண்ணப்பிக்கச் சபை ஒப்புக்கொண்டு, கையொப்பமிடுபவரை நியமித்த தீர்மானம்.

உங்கள் விண்ணப்பத்தை மதிப்பிடும் அதிகாரி, நீங்கள் எழுதியதை வாசிக்குமுன்பே, வணிகப் பதிவகத்தின் பொதுப் பதிவேட்டிலும் வருமானவரித் துறையின் பட்டியலிலும் உங்கள் பெயரைத் தேடிப் பார்க்கக்கூடும். இவ்விரண்டும் யாரும் பார்க்கத் திறந்திருப்பவை. அங்கே நாலு ஆண்டுகளுக்கு முன் பதவி விலகியவர் இன்னும் தலைவராகவும், எப்போதோ விற்கப்பட்ட வீடு சங்கத்தின் விலாசமாகவும் நிற்குமானால், நீங்கள் எழுதிய அழகான வாக்கியங்கள் அத்தனையும் பலமிழந்து போகும்.

குறிப்பு: சங்கத்தின் விலாசமாகச் செயலாளரின் வீட்டு விலாசத்தைக் கொடுக்காதீர்கள். செயலாளர் மாறுவார், வீடு மாறும், அரசாங்கக் கடிதம் பழைய கதவின் கீழே கிடக்கும். ஒரு தபால்பெட்டியோ, நிலையான மண்டபத்தின் விலாசமோ, பதவிக்குரிய பொதுவான மின்னஞ்சலோ வைத்துக்கொள்வது நன்று.

படி 2: ஊரின் தேவையை அறிதல்

சமூக அறநிதியம் ஒரு சமூகத்தின் பெருமைக்காக ஏற்பட்டதன்று, ஓர் ஊரின் நலத்துக்காக ஏற்பட்டது. எனவே நாம் கேட்பது நமக்குத் தேவையானதாக இருப்பதோடு, மொன்றியலின் தேவைகளில் ஒன்றாகவும் விளங்கவேண்டும். இதற்கு மூன்று வாயில்கள் உண்டு.

1. பெருமொன்றியல் அறநிதியம் ‘வைட்டல் சைன்ஸ்’ என்ற பெயரில் வெளியிடும் அறிக்கைகள். வீடு, வறுமை, முதுமை, கல்வி, சுற்றுச்சூழல் முதலிய துறைகளில் நகரின் நிலையைக் கணக்கோடு காட்டுபவை அவை. ஐக்கிய நாடுகளின் 17 நீடித்த அபிவிருத்தி இலக்குகளை ஒட்டியும் நிதியம் தன் பணியை வகுத்துக்கொள்வதால், உங்கள் திட்டம் எந்த இலக்கைச் சாரும் என்பதையும் குறித்துவையுங்கள்.

2. உங்கள் பேட்டையின் ‘தாப்ல் த கார்த்தியே’. மொன்றியலின் பேட்டைகளில், அங்குள்ள சங்கங்களும் நிறுவனங்களும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து அவ்வட்டாரத்தின் முன்னுரிமைகளைத் தீர்மானிக்கும் கூட்டம் இது. விண்ணப்பம் எழுதும் மாதத்தில் முதல்முறை தலைகாட்டாமல், ஓராண்டு முன்பிருந்தே போய் உட்காருங்கள்.

3. உங்கள் சொந்த வருகைப் பதிவேடு. எத்தனை பேர், எந்தப் பேட்டையிலிருந்து, எத்தனை தடவை வந்தார்கள் என்பதை ஒரு சாதாரணக் கொப்பியில் எழுதிவந்திருந்தாலும் அதன் மதிப்பு அதிகம். உங்களைத் தவிர வேறு யாரிடமும் இல்லாத ஆதாரம் அது.

படி 3: அறிவித்தலை மூன்று முறை வாசித்தல்

முதல் வாசிப்பில் தகுதியை மாத்திரம் பாருங்கள்: சங்கத்தின் வகை, பிரதேசம், உச்சத்தொகை, கடைசி நாள். இரண்டாம் வாசிப்பில், எவற்றுக்குப் பணம் கிடையாது என்பதைக் கோடிட்டுக் கொள்ளுங்கள். மதப் பிரசாரம், பழைய கடன், கட்டடச் செலவு போன்றவை பல அறிவித்தல்களில் விலக்கப்பட்டிருக்கும், கட்சி அரசியலுக்கோ அறநிறுவனங்கள் சட்டப்படியே துணைபோக முடியாது. மூன்றாம் வாசிப்பில், அவர்கள் திரும்பத் திரும்ப ஆளும் சொற்களைக் குறித்துக்கொண்டு, உங்கள் திட்டம் உண்மையில் அச்சொற்களுக்குள் அடங்குமா என்று மனச்சாட்சியோடு கேளுங்கள். அடங்காதெனின் விட்டுவிடுங்கள், அறிவித்தலுக்காகத் திட்டத்தை வளைப்பவர்கள், பணம் வந்தபின் தங்களுக்குப் பரிச்சயமில்லாத வேலையைச் செய்யவேண்டிய சங்கடத்தில் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

குறிப்பு: கோயில் மண்டபத்தில் நடக்கிறது என்பதனாலேயே ஒரு சமூகத் திட்டம் மதத் திட்டமாகிவிடாது. எம்மதத்தவரும் வரலாம், வழிபாடு நிபந்தனையன்று என்பதை விண்ணப்பத்தில் வெளிப்படையாக எழுதி, அவ்வாறே நடத்தவும் செய்யுங்கள்.

ஐயம் இருந்தால் நிதியத்தின் அலுவலரைத் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ கேளுங்கள். கேட்பது சிபாரிசு தேடுவதாகுமோ என்ற கூச்சம் நம்மவரில் பலருக்கு உண்டு. ஆனால் விண்ணப்பிப்பவர்களுக்கு விளக்கம் சொல்வது அவருடைய கடமைகளில் ஒன்று. கேள்விகளை மூன்றுக்கு மேற்படாமல் முன்னரே எழுதிவைத்துக்கொண்டு பேசுங்கள்.

படி 4: திட்டத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லுதல்

யாருக்காக, எங்கே, எப்போது, என்ன செய்து, என்ன மாறுதல் காண்போம் என்னும் ஐந்துக்கும் ஒரே வாக்கியத்தில் விடை வந்தால்தான் திட்டம் பழுத்திருக்கிறது என்று கொள்ளலாம். இங்கு எடுத்துக்காட்டாக ஒரு கற்பனைத் திட்டத்தைக் கொண்டு தொடர்வோம்:

“கோத்-தே-நேஜில் தனியே வாழும் 65 வயதுக்கு மேற்பட்ட 25 தமிழ் முதியோரை, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை 20 புதன்கிழமைகளில் ஒன்றுகூட்டி, சுடச்சுட மதிய உணவும், பனியில் விழாமல் நடக்கும் பயிற்சியும், மருத்துவமனைக் கடிதங்களை வாசித்து விளக்கும் உதவியும் அளித்து, குளிர்காலத் தனிமையைக் குறைப்போம்.”

படி 5: தேவையைக் கண்ணுக்குக் காட்டி எழுதுதல்

விண்ணப்பங்களில் மிகுதியாகக் காணப்படும் குறை பொதுச்சொற்கள். “எமது முதியோர் பல்வேறு சவால்களை எதிர்நோக்குகின்றனர்” என்று எழுதினால், அதே வாக்கியத்தை நாற்பது சங்கங்கள் எழுதியிருப்பதை வாசித்த கண்ணுக்கு அதில் ஒன்றும் தெரியாது. அதற்கு மாறாக, நீங்கள் கண்டதை எழுதுங்கள்.

ஜனவரி மாதத்து மாலை ஒன்றில் பிளமொன்டொன் மெட்ரோ நிலையத்தருகே விக்டோரியா தெருவில் நின்று பாருங்கள். பனிவாரும் வண்டி ஒதுக்கிவிட்டுப் போன மேடு முழங்கால் உயரத்துக்கு நடைபாதையை மறித்துக் கிடக்கிறது. கத்தரிக்காயும் முருங்கைக்காயும் நிறைந்த பையை இடக்கையில் பிடித்த ஒரு மூதாட்டி, வலக்கையால் மின்கம்பத்தைப் பற்றிக்கொண்டு, பஸ்ஸுக்கும் தமக்கும் இடையிலுள்ள அந்த மூன்றடியைக் கடக்கத் துணியாமல் நிற்கிறார். பஸ் வந்து போய்விடுகிறது. அடுத்த வாரம் ஏன் கூட்டத்துக்கு வரவில்லை என்று அவரை விசாரித்தால் கிடைக்கக்கூடிய பதில் இது: “வெளியிலை ஐஸ், தம்பி. விழுந்தால் ஆர் தூக்கிறது?”

இந்த ஒரு கேள்வியில் உங்கள் திட்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது. உங்கள் சங்கத்தின் முதியோர் இப்படிச் சொன்ன ஒரு வாக்கியத்தை, அவர் சம்மதத்தோடும் பெயர் குறிப்பிடாமலும், விண்ணப்பத்தின் முதற் பந்தியில் வையுங்கள். அதற்கடுத்தபடி உங்கள் பதிவேட்டின் எண்ணிக்கையை வையுங்கள். மூன்றாவதாக நகரத்து அறிக்கையின் புள்ளிவிவரத்தை வையுங்கள். மனிதர், சங்கம், நகரம் என்னும் இந்த வரிசை மாறாதிருப்பது நலம்.

பயனை எழுதும்போதும் அளக்கக்கூடியதையே வாக்களியுங்கள். “முதியோர் வாழ்வு மலரும்” என்பதை அளக்க முடியாது, “25 பேரில் 20 பேராவது 14 புதன்கிழமைகளுக்குக் குறையாமல் வருவார்கள், தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்து கேள்விகள் கேட்டு விடைகளை ஒப்பிடுவோம்” என்பதை அளக்கலாம். செய்யக்கூடியதைவிடச் சற்றுக் குறைத்தே வாக்களித்து, வாக்களித்ததைவிடச் சற்று அதிகமாகச் செய்வது பொதுப்பணியில் நற்பெயரைக் காக்கும் வழி.

படி 6: பட்ஜெட் தயாரித்தல்

கீழ்க்கண்ட தொகைகள் கணக்கிடும் முறையைக் காட்டுவதற்கானவை; உங்கள் பட்ஜெட்டில் நடப்பு விலையைக் கேட்டறிந்து எழுதுங்கள்.

செலவு

1. ஒருங்கிணைப்பாளர்: 20 வாரம் × 8 மணி × 25 டொலர் = 4,000
2. முதலாளி செலுத்தவேண்டிய பங்களிப்புகளும் விடுமுறை ஊதியமும் (மதிப்பீடு 15 சதவீதம்) = 600
3. மண்டபம்: 20 நாள் × 75 = 1,500
4. உணவு: 20 நாள் × 25 பேர் × 6 = 3,000
5. நடக்க இயலாதவர்களுக்கு வாகனம்: 20 நாள் × 60 = 1,200
6. விழாமல் நடக்கும் பயிற்சி: 4 வகுப்பு × 150 = 600
7. காப்புறுதி, பின்னணிச் சோதனை, அச்சு = 500
8. கணக்கெழுதுதலும் நிர்வாகமும் = 600

மொத்தம்: 12,000 டொலர்

வரவு

1. அறநிதியத்திடம் கேட்பது = 8,500
2. சங்கத்தின் சொந்தப் பணம் = 1,500
3. வாடகையின்றிக் கிடைக்கும் மண்டபத்தின் மதிப்பு = 1,500
4. உறுப்பினர் நன்கொடை = 500

மொத்தம்: 12,000 டொலர்

இதை அனுப்புமுன் மூன்று சோதனைகள் செய்யுங்கள். முதலாவது, வரவும் செலவும் ஒரு டொலரும் பிசகாமல் சமமாக இருக்கின்றனவா? இரண்டாவது, ஒருவருக்கு ஒரு தடவைக்கு ஆகும் செலவு நியாயமானதா? (20 நாள் × 25 பேர் = 500 தடவை; 12,000 ÷ 500 = 24 டொலர்; உணவும் வண்டியும் பயிற்சியும் சேர்ந்ததற்கு இது தகும்.) மூன்றாவது, விண்ணப்பத்தில் சொன்ன ஒவ்வொரு வேலைக்கும் பட்ஜெட்டில் ஒரு வரியும், பட்ஜெட்டின் ஒவ்வொரு வரிக்கும் விண்ணப்பத்தில் ஒரு வேலையும் இருக்கின்றனவா?

சம்பளம் கொடுப்பதாயின், கியூபெக் ஓய்வூதியம், பெற்றோர் காப்புறுதி, வேலையின்மைக் காப்புறுதி, வேலையிட விபத்துக் காப்பு ஆகியவற்றுக்கான முதலாளியின் பங்கையும், குறைந்தது 4 சதவீத விடுமுறை ஊதியத்தையும் சேர்க்க மறவாதீர்கள். பொருள் வாங்குவதாயின் 5 சதவீத மத்திய வரியும் 9.975 சதவீத மாகாண வரியும் விலையில் சேரும். பதிவு பெற்ற அறநிறுவனங்கள் இவ்விரண்டிலும் பாதியைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம், ஆதலால் திரும்பி வரும் பாதியை நிதியத்திடம் கேட்காதீர்கள்.

குறிப்பு: தொண்டர்களின் நேரத்தை வீணே விட்டுவிடாதீர்கள். நால்வர் ஒவ்வொரு புதன்கிழமையும் நான்கு மணி நேரம் உழைத்தால் 320 மணி நேரம். அதைப் பணக் கணக்கில் கலக்காமல் அடிக்குறிப்பாகக் காட்டினால், சங்கத்தின் பின்னே மனிதர் நிற்கிறார்கள் என்பது விளங்கும்.

படி 7: மொழியும் ஆதரவுக் கடிதங்களும்

1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனத்துக்குப்பின் இந்த மாகாணத்தின் பொதுவாழ்வு பிரெஞ்சிலேயே நடைபெறுவதை நாம் அறிவோம். எந்த மொழியில் விண்ணப்பிக்கலாம் என்பதை அறிவித்தலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் ஏற்கப்படுமிடத்தும், திட்டச் சுருக்கத்தைப் பிரெஞ்சிலும் எழுதிவைப்பது பேட்டை மேசையிலும் ஆதரவு கேட்குமிடங்களிலும் பெரிதும் உதவும். இதற்கு நம்மிடம் ஆள் இல்லையென்று சொல்ல இடமில்லை. இங்கே பிரெஞ்சுப் பள்ளியில் படித்து வளர்ந்த நம் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். கூட்டத்தில் நாற்காலி அடுக்குவதற்கு அழைப்பதுபோல் விண்ணப்பம் எழுதுவதற்கும், பின்னர் நிர்வாக சபைக்கும், அவர்களை அழையுங்கள்.

ஆதரவுக் கடிதம் இரண்டு போதும்; ஆனால் இரண்டும் வெவ்வேறு கைகளால் எழுதப்பட்டவையாக இருக்கவேண்டும். ஒன்று உங்கள் பணியை நேரில் கண்ட பேட்டை நிறுவனத்திடமிருந்து, மற்றொன்று தமிழரல்லாத ஒரு கூட்டாளியிடமிருந்து. நீங்களே எழுதி நகலெடுத்துக் கையொப்பம் மாத்திரம் வாங்கும் கடிதங்கள் ஒரே அச்சில் வார்த்தவை என்பது வாசிப்பவருக்கு உடனே தெரியும்.

துணை வேண்டுமானால், மொன்றியலில் சமூகச் சங்கங்களுக்கு நிர்வாகப் பயிற்சியளிக்கும் ‘கோகோ’ என்ற மையத்தை அணுகலாம். உங்கள் பேட்டையில் எந்தச் சேவைகள் ஏற்கெனவே நடக்கின்றன என்பதை 211 என்ற எண்ணில் விசாரித்து அறியலாம்.

படி 8: அனுப்புதல்

1. கடைசி நாளுக்கு ஏழு நாள் முன்பு: சங்கத்தைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவர் திரும்பக் கேட்கும் கேள்வியே நீங்கள் எழுதத் தவறிய வாக்கியம்.
2. நான்கு நாள் முன்பு: ஆன்லைன் படிவத்தின் சொல்வரம்பைச் சரிபாருங்கள். தனியே தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு பின்னர் படிவத்தில் ஒட்டுங்கள்.
3. இரண்டு நாள் முன்பு: அனுப்புங்கள். கடைசி நாளில் எத்தனை மணிக்குப் படிவம் மூடப்படும் என்பதை நள்ளிரவென்று ஊகித்துக்கொண்டு ஏமாறாதீர்கள்.
4. அனுப்பியதும்: ஒப்புகை மின்னஞ்சலையும் முழு விண்ணப்பத்தின் பிரதியையும் கோப்பில் வையுங்கள்.

படி 9: பதில் வந்தபின்

கிடைத்ததாயின், ஒப்பந்தத்தை முழுவதும் வாசித்த பிறகே கையொப்பமிடுங்கள். மானியப் பணத்துக்குத் தனிக் கணக்கேடு தொடங்குங்கள். ஒவ்வொரு பற்றுச்சீட்டிலும் எந்தச் செலவு வரிக்குரியது என்று அன்றே எழுதிவையுங்கள். செலவுத் தலைப்பை மாற்ற நேர்ந்தால் மாற்றுமுன் எழுத்தில் அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் கிடைக்கும். இறுதி அறிக்கையைக் குறித்த நாளில் அனுப்புங்கள். அடுத்த மானியத்துக்கு நீங்கள் எழுதும் முதல் வரி அந்த அறிக்கைதான்.

கிடைக்கவில்லையாயின், மனம் கசந்து அப்பால் செல்லாமல், நன்றி கூறி, எங்கே குறை என்று கேளுங்கள். சொல்லப்பட்ட குறையை எழுதி, அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தில் வாசித்து, நடவடிக்கைக் குறிப்பில் பதியுங்கள். நல்ல திட்டங்கள் பல இரண்டாம் முறையிலேயே பலன் கண்டிருக்கின்றன.

தவிர்க்கவேண்டிய பிழைகள்

1. முழுத்தொகையையும் ஒரே நிதியத்திடம் கேட்பது. ஊரார் பங்கு சிறிதாயினும் இருக்கட்டும்.
2. சங்கத்தின் வரலாற்றையும் பெற்ற பொன்னாடைகளையும் இரண்டு பக்கம் எழுதி, திட்டத்தை அரைப் பக்கத்தில் முடிப்பது.
3. ஒரே செலவுக்கு இரண்டு இடங்களில் பணம் பெற்று, ஒன்றை மற்றதற்குத் தெரிவிக்காதிருப்பது. இது பிழையன்று, குற்றம்.
4. ஒருவரே எழுதி, ஒருவரே அனுப்பி, ஒருவரே கடவுச்சொல்லை வைத்திருப்பது. அவர் ஊருக்குப் போனால் சங்கம் ஊமையாகிவிடும்.
5. மானியத் தொகையில் இத்தனை சதவீதம் தருவதாகப் பேசி எழுத்தாளரை அமர்த்துவது. ஊதியம் கொடுப்பதானால், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வேலைக்குரிய தொகையைச் சங்கத்தின் சொந்தப் பணத்திலிருந்து கொடுங்கள்.

பாதுகாப்பு: மனிதரையும் நம்பிக்கையையும் காத்தல்

1. முதியோருடனும் சிறுவருடனும் பழகும் ஒவ்வொருவருக்கும், தொண்டராயினும், காவல்துறையின் பின்னணிச் சோதனை செய்யுங்கள். “எல்லாரும் தெரிந்தவர்கள்தானே” என்பது சோதனையாகாது.
2. முதியோரின் நோய், விலாசம், குடிவரவு நிலை ஆகியவற்றை விண்ணப்பத்தில் சேர்க்காதீர்கள். 2022 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த கியூபெக்கின் 25ஆம் சட்டம் தனிமனிதர் தகவலைக் காக்கும் கடமையைக் கடுமையாக்கியிருக்கிறது. புகைப்படத்துக்கும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி வாங்குங்கள்.
3. சமையல், வாகனம், மண்டபம் எதுவாயினும் நிர்வாகியின் உறவினருக்குக் கொடுப்பதானால், அந்த நிர்வாகி கூட்டத்தில் அதைச் சொல்லி, வாக்களிக்காமல் ஒதுங்கட்டும். அதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.
4. ரொக்கமாகப் பணம் கொடுப்பதை அடியோடு விடுங்கள்.

நிறைவாக, வாசகருக்கு ஒரு வேண்டுகோள். படகிலும் விமானத்திலும் இளைஞர்களாக வந்திறங்கிய அந்தத் தலைமுறைக்கு இன்று தலை நரைத்துவிட்டது. அவர்களுடைய பனிக்காலம் அடுத்த அறிவித்தல் வரும்வரை காத்திராது. ஆகையால் மானிய அறிவித்தல் வரட்டும் என்று இராமல், இன்று மாலையே உங்கள் செயலாளரைத் தொலைபேசியில் அழைத்து, இருவரும் வணிகப் பதிவகத்தின் பதிவேட்டைத் திறந்து, அங்கே இருக்கும் தலைவரின் பெயரும் சங்கத்தின் விலாசமும் சரியானவையா என்று பாருங்கள். தவறாயின் முதலில் அதைத் திருத்துங்கள்.